உப்பளம் டீமுக்கு ஆள் சொன்ன அந்துவான் முசியே

அந்துவான் முசியே போயிட்டார். இன்னைக்கு காலைல ஆஸ்பத்திரியில.

இன்னும் நம்ப முடியல... முந்தாநாள்தான் பார்த்துட்டு வந்தேன்.

எங்க மெடிக்கல் ஷாப்புக்கு வந்திருக்கிற எல்லாருக்கும் அவரைத் தெரியும். உள்ளே ஸ்டாக் பார்ப்பார், உயரமா, கண்ணாடியை நெத்தியில ஏத்தி வெச்சிருப்பார். முசியேன்னா பிரெஞ்சுல ஐயா, ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். நான் பில் கவுன்ட்டர்ல சேர்ந்த முதல் வாரமே என்கிட்ட கேட்டது, "ஏம்மா, அரியாங்குப்பத்துலேர்ந்து வர்றியே, அங்க லெஃப்ட் கால்ல ஆடற பசங்க யார்னா இருக்கானுங்களா?"

எனக்கு புட்பால்ல பந்து உருண்டையா இருக்கும்ங்கிறதைத் தவிர ஒண்ணும் தெரியாது. அதைச் சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டார்!

தெரியாதவங்களுக்காக... சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை விளையாடுற பசங்க எல்லாரும் உப்பளம் கிரவுண்டுல வந்து நிப்பாங்க. டீம்காரங்க சீட்டு குலுக்கி, அந்த வரிசைப்படி ஒவ்வொரு ஆளா எடுப்பாங்க. ஆள் எடுப்புன்னு பேரு.

உப்பளம் டீம் யாரை எடுக்கும்னு முசியே ஒரு மாசம் முன்னாடியே டீக்கடையில நின்னு சத்தமா சொல்லுவார். பேப்பர்ல வந்த நியூஸ் மாதிரி அவ்வளவு உறுதியா சொல்லுவார்.

ஒண்ணு கூட பலிக்காது.

அந்த ராசி எந்த அளவுக்குன்னா, பசங்களே கடைக்கு வந்து கெஞ்சுவாங்க. "முசியே, எம்பேர மட்டும் சொல்லிடாதீங்க. நீங்க சொன்னா எடுக்க மாட்டாங்க." அவரும் சிரிச்சுக்கிட்டே, "போடா, உன்ன யாரு சொல்லப் போறா"ம்பார். மறுநாள் டீக்கடையில முதல்ல அவன் பேரைத்தான் சொல்லுவார்.

அவர் கணிப்பு சரியா இருந்தது ஒரே ஒரு வருஷம். அதுதான் வினையாப் போச்சு.

எங்க ஊர்ப் பையன் ஒருத்தன், அவர் தேடிக்கிட்டிருந்த அதே லெஃப்ட் கால் பையன். நான் சொல்லித்தான் அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டி வந்து அவன் ஆடறதைப் பார்த்தார். உப்பளம் இந்த தடவை முதல்ல எடுக்கப்போறது இவனைத்தான்னு டீக்கடையில சொல்லிட்டார். டீம் செக்ரட்டரி பாஸ்கர் அண்ணனும் நிஜமாவே அவனைத்தான் மனசுல வெச்சிருந்திருக்கார்... யாருக்கும் சொல்லாம.

முசியே சொன்னப்போ அதே டீக்கடையில கருவடிக்குப்பம் டீம்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே டீ குடிச்சுக்கிட்டு இருந்திருக்கார். ஆள் எடுப்பு அன்னைக்கு முதல் சீட்டு அவங்களுக்கு விழுந்தது. கண்ணை மூடிக்கிட்டு எங்க ஊர்ப் பையனை எடுத்துட்டாங்க.

அந்த சீசன்ல அவன் உப்பளத்துக்கு எதிரா கோல் போட்டதை இன்னும் பேசுறாங்க.

பாஸ்கர் அண்ணன் கடைக்கே வந்துட்டார். கஸ்டமர்ஸ் நிக்கும்போதே, "முசியே, இனிமே ஆள் எடுக்கற அன்னிக்கு கிரவுண்டு பக்கம் வராதீங்க. உங்க வாயால டீமே போச்சு"ன்னார். முசியே ஒரு இருமல் சிரப்பை எடுத்து அதே இடத்துல திரும்ப வெச்சார்.

அடுத்த வருஷம் ஆள் எடுப்பு ஞாயிறு, அவருக்கு லீவா இருந்தும் கடைக்கு வந்துட்டார். வீட்டுல இருக்க முடியல போல. யாரும் இல்லாத நேரம் பார்த்து கவுன்ட்டர் கிட்ட வந்து, யாரை எடுப்பாங்கன்னு மெதுவா என்கிட்ட மட்டும் சொன்னார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா."

"எனக்கு யாரைத் தெரியும் முசியே?"

"அதான் உங்கிட்ட சொல்றேன்."

வழக்கம்போல எல்லாம் தப்பு! ஆனா அதுலேர்ந்து ஒவ்வொரு வருஷமும் எனக்கு மட்டும் சொல்லுவார். எனக்கு ஒண்ணும் புரியாது, ஆனா அந்த ஞாயித்துக்கிழமைக்கு நானும் காத்துக்கிட்டு இருப்பேன். வாய்க்குப் பூட்டு போட்ட மனுஷனோட முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு கஷ்டமா இருக்கும்.

இந்த வருஷம் அவருக்கு கிட்னி போயிடுச்சு. பாஸ்கர் அண்ணனுக்கு விஷயம் தெரிஞ்சு, முந்தாநாள் என்னையும் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பெட் கிட்ட போனதும் முசியே கையைப் பிடிச்சுக்கிட்டார்.

"மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க முசியே. வர்ற ஞாயித்துக்கெழம ஆள் எடுப்பு. நீங்க வந்தே ஆவணும். மொத ஆளா யார எடுக்கலாம், நீங்களே சொல்லுங்க."

அவர் முகத்துல வந்த வெளிச்சம் இருக்கே... அழுதுட்டேன்.

சொல்ல வாயைத் திறந்தார். அப்புறம் பக்கத்து பெட்டைப் பார்த்தார். அங்க ஒரு பெரியவர் தூங்கிக்கிட்டு இருந்தார். கருவடிக்குப்பத்துக்காரராம்.

"இங்க வாணாம் பாஸ்கரு."

"தூங்கறாரு முசியே. காதுல சொல்லுங்க, குனியறேன்."

"வாணாம். ஒரு தபா பட்டது போதும். ஞாயித்துக்கெழம நேர்ல வந்து சொல்றேன்."

அவ்வளவு சீரியஸா சொன்னார். நாங்க ரெண்டு பேரும் சிரிச்சுட்டு வந்தோம்.

சாயந்திரம் நாலு மணிக்கு வீட்டுலேர்ந்து எடுக்கறாங்க. சர்ச்சுல பூசை முடிஞ்சு உப்பளம் கல்லறை. தெரிஞ்சவங்க வாங்க.

இப்பதான் பாஸ்கர் அண்ணன் போன் பண்ணார். எடுக்கற நேரத்தை விசாரிச்சார். அப்புறம் கேட்டார், "உங்கிட்டயாவது சொன்னாராம்மா?"

இல்லண்ணா. இந்த தடவை எங்கிட்டயும் சொல்லல.

போயிட்டு வாங்க முசியே...