நான் போன இரண்டாவது மைல்

கட்டாயப்படுத்தி ஒரு மைல் நடக்க வைக்கிறவனோடு இரண்டு மைல் போகவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் பிரசங்கித்தாரே, அதை இன்றைக்குச் செய்து பார்த்தேன்.

டத்தோ கிராமாட் சாலையில் ஒரு ஜப்பான் சிப்பாய் என் சைக்கிளை மறித்தான். மரவள்ளிக்கிழங்கு மூட்டையை ஏற்றி, காவல் சாவடிவரை தள்ளச் சொன்னான். குனிந்து வணங்கிவிட்டுத் தள்ளினேன்.

சாவடியிலேயே இறக்கிவிட்டு ஓடி வந்திருக்கலாம். நானோ, முகாம்வரை கொண்டுவரட்டுமா என்று சைகையில் கேட்டேன். சிப்பாய் வாயைப் பிளந்தான்.

முகாமில் அதிகாரி சிரித்தபடி என் தோளைத் தட்டினார். அவருக்கு மொழிபெயர்க்கும் தமிழருக்கோ முகம் வெளுத்துவிட்டது.

"யாருண்ணே உங்கள இங்க வரச் சொன்னா? சொல்லாமலே வேலை செய்ற ஆளுதான் வேணுமாம். நாளைக்குக் காலையில பிறை ஸ்டேஷனுக்கு வரணுமாம், சியாம் ரயில் ரோட்டு வேலைக்கு."

"எனக்குக் கடை இருக்கு தம்பி, அவருகிட்ட சொல்லுங்க லா!"

"சொல்லிட்டேன். கடை எங்க இருக்குன்னு கேக்குறாரு."

எங்கள் தெருவிலிருந்து சியாமுக்குப் போனவர்களில் ஒருவரும் இன்னும் திரும்பவில்லை.

"உபதேசியாரையும் கையோட கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிக்கொண்டே என் மனைவி துணிகளை மூட்டை கட்டுகிறாள்.

ஏரோது ராஜா கொல்லத் தேடியபோது, யோசேப்பு பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்குப் போய்விட்டார். அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

புக்கிட் மெர்தாஜாம் பக்கம் எகிப்து மாதிரி ஓர் இடம் யாருக்காவது தெரிந்தால், இருட்டுவதற்குள் சொல்லியனுப்புங்கள்.