கேப்டன் கையை எடுத்த காலை

கப்பல் கால்வாயின் முகப்பில் இருக்கும் கொலோன் நகரத்தில், பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி நடத்தும் இழுவைப் படகு ஓட்டும் டெல்சியா பிரைத்வெய்ட்டிடம் பயிற்சிக்கு ஆள் அனுப்பிப் பயனில்லை என்பது கடல்சார் கல்லூரி முழுக்கத் தெரிந்த சங்கதி. வந்தவர்களை அன்றைக்கே கரையில் இறக்கிவிட்டுவிடுவாள்.

அவள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. மாணவியாக அவள் பயிற்சிக்குப் போன படகில் காப்பி போடத்தான் வைத்திருந்தார்கள். கோப்பையை நீட்டுகிற சாக்கில் கேப்டனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் பார்த்தே தொழிலைத் திருடிக்கொண்டாள். "எனக்கு யாரும் ஊட்டிவிடல. நானும் யாருக்கும் ஊட்டமாட்டேன்" என்பாள்.

ஒரு மழைக்காலத்தில் படகில் ஆள் குறைந்தது. வேறு வழியில்லாமல் நெதெல்கா என்ற மாணவியை ஏற்றிக்கொண்டாள். சிரிக்கி மலையில் காப்பி பறிக்கும் குடும்பத்துப் பெண். கல்லூரிக்கு வந்தபிறகுதான் கடலையே பார்த்தவள். ஆனால் வாய் மட்டும் ஓயாது.

"இப்ப ஏன் வேகத்தைக் குறைச்சீங்க, கேப்டன்?"

"குறைக்கணும், குறைச்சேன்."

"அது எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியும். அவ்ளோதான். போய்க் காப்பி போடு."

சொன்ன பிறகுதான் டெல்சியாவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. கயிறுகளைக் கவனிக்கும் ஓவிதியோ கதவில் சாய்ந்து சிரித்தான். "அந்தப் பழைய கேப்டன் குரல் அப்படியே உங்க வாயில வருதே!"

"உன் வேலையப் பாருடா."

மறுநாள் காலை மலை போல ஒரு சரக்குக் கப்பல் கால்வாய்ப் பூட்டுக்குள், அதாவது தண்ணீர் நிரப்பிக் கப்பலை மேலே ஏற்றும் கதவு வைத்த தொட்டிக்குள், நுழைந்தது. அதன் மூக்கோடு கயிற்றால் பிணைக்கப்பட்டு, முன்னால் டெல்சியாவின் படகு. படகுக்கு மறுபுறம் தொட்டியின் இரும்புக் கதவு. நடுவில் இவர்கள், பாக்குவெட்டியில் பாக்கைப் போல. தொட்டியில் நீர் பொங்கத் தொடங்கியது. கயிறு இறுகுவதற்கு ஒரு கணம் முன்பே டெல்சியாவின் கை என்ஜின் லீவரைப் பின்னுக்கு இழுத்தது.

"எப்படி, கேப்டன்?"

இந்த முறை டெல்சியாவுக்குக் கோபம் வரவில்லை. உண்மையிலேயே யோசித்தாள். இத்தனை வருஷத்தில் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளாத கேள்வி.

"கால்ல..." என்றாள் மெதுவாக. "கப்பல் அசையறதுக்கு முன்னாடி படகுத் தரையோட அதிர்வு மாறுது. ஆமா. கால்லதான் தெரியுது." தன் குரலைக் கேட்டுத் தானே திகைத்தாள்.

நெதெல்கா சட்டென்று பூட்ஸைக் கழற்றப்போனாள்.

"ஏய் பொண்ணே! கால் நசுங்கணுமா? பூட்ஸோடயே தெரியும். இங்க வா. கைய வை."

லீவரைப் பிடித்த நெதெல்காவின் கைமேல் டெல்சியா தன் கையை வைத்தாள். அதிர்வு மாறியது. இருவர் கைகளும் சேர்ந்து அசைந்தன. மீண்டும் மாறியது. இம்முறை கீழே இருந்த கைதான் முதலில் அசைந்தது.

டெல்சியா தன் கையை எடுத்துவிட்டாள். ஆபத்து என்றால் பிடித்துக்கொள்ள ஓரடி தள்ளி நின்றாள், அவ்வளவே.

கைக்கு வேலையில்லாததால் கண் மேலே போனது. பூட்டுக்குள் வந்தால் கயிற்றைத் தவிர வேறெதையும் அவள் அதுவரை பார்த்ததில்லை. ஒரு தெருவையே அடுக்கிவைத்தாற்போன்ற அந்தக் கப்பல், தண்ணீர் ஏந்தியதால் மட்டும், ஓசையில்லாமல் வானத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவள் படகும் கூடவே ஏறியது. உச்சியில் விரல் அளவு மனிதன் ஒருவன் கையசைத்தான். அத்தனை பெரியதை, மலைக்காட்டுப் பெண் ஒருத்தி உள்ளங்கையில் தாங்கி நின்றாள்.

"கேப்டன், சரியா செய்றேனா?"

"பேசாத. கால் சொல்றதைக் கேளு."

ஓவிதியோவின் கேலிக்கு அதன்பின் குறைவில்லை. "கல்லூரியில உங்க படகுக்கு வரிசையா நிக்கிறாங்களாமே, கேப்டன்!" உண்மைதான். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒருவரை ஏற்றிக்கொண்டாள். அவர்கள் கேள்விகள் அவளுக்கே தெரியாத ஏதோ ஒன்றை அவளிடமிருந்து வெளியே எடுத்துக்கொண்டிருந்தன. எல்லோரும் தேறவில்லை. ஒருவன் வாரம் முழுக்க வாந்தியெடுத்துவிட்டு வங்கி வேலைக்குப் போனான். போகும்போதும் நன்றி சொன்னான்.

சில வருஷம் கழித்து, பூட்டுக்குள் கப்பலின் முன்னால் நின்றபடி, கப்பலின் பின்பக்கம் கட்டியிருந்த இன்னொரு இழுவைப் படகைக் கம்பியில்லாக் கருவியில் அழைத்தாள். "பின்னாடி யாரு?"

"நெதெல்கா, கேப்டன். நேத்துதான் எனக்குப் படகு குடுத்தாங்க."

நடுவே கப்பல் சுவர்போல நின்றதால் முகம் தெரியவில்லை. தண்ணீர் ஏறத் தொடங்கியது. டெல்சியா லீவரைப் பிடித்தாள்.

"சரி. மெதுவா ஏறுவோம்."