கொட்டியாரக் குடாவில் கொஞ்சம் பொற்றாசியம்

போன வைகாசியில் யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்குப் போய் வந்தேன். உல்லாசப் பயணமில்லை, என் கணவரின் சாம்பலைக் கரைக்கப் போனேன். இதே காரியத்துக்குப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அவர் கொட்டியாரக் குடாக் கரையில், கிண்ணியாவுக்குப் பக்கத்தில் பிறந்தவர். நாங்கள் இருவரும் இரசாயன ஆசிரியர்கள், பிள்ளைகள் இல்லை. வருத்தம் முற்றிப் படுக்கையில் கிடந்த நேரம் ஒருநாள், "என்ர சாம்பல் எல்லாத்தையும் கீரிமலைக் கடலில விட்டிடாதையும். என்ர பொற்றாசியத்தில கொஞ்சம் கொட்டியாரக் குடாவுக்கும் போகட்டும்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. பாவி மனுசன், போகிற போக்கிலும் பாடம் எடுத்தார்.

பாடம் சரிதான். உடம்பை எரித்தாலும் அதிலுள்ள பொற்றாசியம் போகாது. ஓர் இலத்திரனைக் கொடுத்துவிட்டு நேரேற்றமுள்ள அயனாகச் சாம்பலில் கிடக்கும். மறையேற்றமுள்ள துணையொன்று அதைப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீரில் விழுந்தால் இரண்டும் பிரிந்துவிடும், பிறகு கண்ணுக்குத் தெரியாது.

காலை ஐந்தரை பஸ், வவுனியா வழியாக ஆறு மணித்தியாலம். இரவு திருகோணமலையில் தங்கி, அடுத்த நாள் விடிய கிண்ணியா பஸ் எடுத்தேன். ஏறக்குறைய இருபது கிலோமீற்றர், பாலத்தால் போகும். அங்கே நசீர் நானா என்ற மீனவர் எண்ணெயும் சேர்த்து ஆறாயிரம் ரூபாவுக்குப் படகு தந்தார். என் கையிலிருந்த சாம்பல் முட்டியைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"இது ஆர் டீச்சர்?"

"என்ர அவர்."

"பாத்து ஏறுங்க" என்று கை தந்தார்.

குடாவின் நடுவில் முட்டியைச் சரித்து, கொண்டுவந்த பூவையும் போட்டேன். எலும்புத் துண்டுகள் உடனே தாழ்ந்தன. சாம்பல் மட்டும் மேலே கலங்கி நின்றது. அது கரைந்து முடிவதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தனான். ஆனால் கரைத்த பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அவரின் தங்கச்சி, என் மச்சாள், போனில் மூன்று தரம் சொல்லியிருந்தா. மச்சாளோடு எதற்கும் வாதாடுகிறவள் நான். அன்று ஏலாமல் போனது. நான் பார்த்தால் அவர் போகாமல் நின்றுவிடுவாரோ என்று பயந்தேன். கரையைப் பார்த்தபடி இருந்தேன், திரும்பப் போன தலையை இரண்டு தரம் நிறுத்தினேன்.

நசீர் நானா இஞ்சினைக் குறைத்தார்.

"நீங்க திரும்பாதீங்க டீச்சர். அது உங்கட ஆக்களுக்குத்தானே, எனக்கு இல்ல. நான் பாத்துச் சொல்லுறன்."

"என்ன தெரியுது?"

"பூ அங்கால போகுது. சாம்பல் இன்னும் நிக்குது."

"இப்ப?"

"கொஞ்சம் இருக்கு."

"இப்ப?"

"தெளிஞ்சிட்டுது டீச்சர். ஒண்டுமில்ல."

உப்புக் கரைத்த தண்ணீரைக் காட்டினால் என் வகுப்புப் பிள்ளைகளும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். இரண்டு கம்பியை உள்ளே விட்டு மின்குமிழை எரிய வைத்துக் காட்டுவேன். ஏற்றமுள்ள அயன்கள் அதற்குள் நிறைய ஓடித் திரிகின்றன என்பேன். அதை நானாவுக்குச் சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. கரை வரும்வரை அழுதேன்.

போகிறவர்களுக்கு: காற்று எழும்ப முன்னம், காலை எட்டு மணிக்குள் படகேறுங்கள். துறைமுகத்தின் உட்பக்கம் கடற்படை மறிக்கும், குடாப் பக்கம் போங்கள். பூவைப் பொலித்தீன் பையோடு போடாதீர்கள். மாற்றுச் சேலை ஒன்று வேண்டும்.

தனியாக மட்டும் போகாதீர்கள். திரும்பிப் பார்க்கக் கூடிய ஒருவரைக் கூட்டிப் போங்கள்.