நிறுத்தாமல் பேசுங்கள்

"அப்பா, உங்களோட கொஞ்சம் பேசணும்" என்றாள் மகள், தொலைக்காட்சியில் கற்ற தமிழில். எனக்குப் பகீரென்றது. நான் என்ன பிழை விட்டேன்? வன்னியில் எங்களுக்குக் கதைப்பது வேறு, பேசுவது வேறு, பேசுவதென்றால் ஏசுவது. பார்த்தால், அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு புதுச் சப்பாத்து. சப்பாத்து என்றதும் எனக்கு என் குதிக்கால் ஞாபகம் வந்துவிட்டது.

சின்ன வயதில், விசுவமடுவில், அப்பாவின் சைக்கிள் கரியரில் இருந்து பராக்குப் பார்த்துக் காலைச் சில்லுக் கம்பிக்குள் விட்டவன் நான். குதிக்காலில் சதை பிய்ந்துவிட்டது. ஆசுப்பத்திரியில் தினமும் மருந்து கட்டவேண்டும். புண்ணோடு ஒட்டிய துணியை உரிப்பார்களே, அடேயப்பா, இப்போதும் பல் கூசுகிறது! இரண்டாம் நாள் நான் உதைத்த உதையில் மருந்துத் தட்டே பறந்தது.

"வடிவாக் கழுவாட்டிப் புண் பழுதாப் போகும். பிறகு மயக்கித்தான் வெட்டவேணும்" என்றார் டொக்டர். அப்பாவின் முகம் வெளிறிவிட்டது.

அடுத்த நாள் மலையகத்திலிருந்து வந்த புதுத் தாதி. "ஐயா, நான் கழுவுறப்போ புள்ளகிட்ட நிறுத்தாம பேசிக்கிட்டே இருங்க" என்றார்.

"பேசவோ? பிள்ளையையோ?"

"ஆமாங்கய்யா, நல்லா பேசுங்க."

அப்பா திகைத்துப்போனார். மனிதரோடு 'ஓம்' என்பதற்கு மேல் வாய் திறக்காதவர். அவர் பேசிப் பழகியதெல்லாம் உழவு மாடுகளைத்தான், அதிலும் நாம்பன் என்ற இளங்காளையை. தாதி துணியில் கை வைத்ததும் அப்பா தொடங்கினார்.

"டேய் நாம்பன்! வரம்பிலை நட எண்டால் வாய்க்காலுக்கை படுக்கிறியோ? நேற்றும் பயத்தங்காய்ப் பந்தலைத் திண்டிட்டாய்!"

"நான் தின்னேல்லையப்பா!"

"பொய் சொல்லாதை! வாலை முறுக்கிப்போடுவன்!"

எனக்கேது வால்? நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கத் துணி கழன்றுவிட்டது.

"ஐயோ, ஏன்யா புள்ளைய திட்டுறீங்க?" என்று பதறினார் தாதி.

"நீங்கள்தானே பிள்ளையைப் பேசச் சொன்னனீங்கள்!"

அதற்குப் பிறகு கட்டிலில் ஏறியதும் "அப்பா, பேசுங்கோ" என்று நானே கேட்பேன். நாளுக்கொரு குற்றம் வரும். ஒருநாள் பக்கத்து வீட்டு வைக்கோல்போரை இடித்தேனாம்.

புண் வெட்டாமலே ஆறியது. இனி வரத் தேவையில்லை என்று தாதி சொன்ன அன்றுதான் நான் விக்கி விக்கி அழுதேன்.

இப்போது வயலை உழ மெசின் வருகிறது. அதை ஒருவரும் பேசுவதில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். என்னை 'ஐயா' என்று மரியாதையாகக் கதைக்க ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. 'டேய் நாம்பன்' என்று பேசத்தான் ஒருத்தருமில்லை.