டிக்‌ஷனரி அக்கா சொன்னால் சரி

லேபிள் அச்சடிக்கும் அந்த அச்சகத்தில் அவளுக்குப் பெயர் டிக்‌ஷனரி அக்கா. இங்கிலீஷில் எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்து, எந்த இடத்தில் எது சரி என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவளிடம்தான் வருவார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. "இருங்க, முகம் கழுவிட்டு வரேன்" என்று எழுந்து போவாள். உள்ளே தாழிட்டுக்கொண்டு போனில் பார்த்துவிட்டு வந்து சொல்வாள். டவர் கிடைக்காத நாளில் குருட்டாம்போக்கில் ஏதோ ஒன்று. அவள் சொன்னதை மறுபடி யாரும் சரிபார்ப்பதில்லை. அதுதான் அங்கே பழக்கம். என்றைக்காவது குட்டு உடையும் என்ற பயம் தினமும் அவளோடு வேலைக்கு வந்து, அவளோடு வீட்டுக்குப் போனது.

ஒருநாள் முதலாளிக்குக் கோபம் வந்து எல்லோர் போனையும் வாங்கி மேசைக்குள் பூட்டிவிட்டார். அன்று மத்தியானம் டிசைனர் வந்தார்.

"அக்கா, குழந்தைங்க இருமல் மருந்து. கம்பெனிக்காரங்க சீட்டு ஒரே கிறுக்கல். பேர்ல இந்த இடத்துல எந்த எழுத்து?"

முகம் கழுவி என்ன பயன்? ஒன்றைச் சொல்லி அனுப்பினாள்.

பிறகுதான் உறைத்தது. எழுத்து மாறினால் வேறு மருந்தின் பெயராகிவிடுமே! உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. சொன்னால் மானம் போகும், வேலையும் போகும். சொல்லாவிட்டால் வேறு மருந்து என்று நினைத்து ஏதோ ஒரு பிள்ளைக்கு இதைக் கொடுப்பார்கள். எழுந்து ஓடினாள்.

"நிறுத்துங்க! நான் சும்மா சொன்னேன், எனக்குத் தெரியாது!"

மெஷின்காரர் சிரித்தார். "அக்காவுக்கு எப்பவும் தன்னடக்கம்."

லேபிள்கள் விழுந்துகொண்டே இருந்தன. அவளே சிவப்பு பட்டனை அழுத்தி, அழுதபடி போன் கதையை எல்லாம் கொட்டித் தீர்த்தாள்.

முதலாளி கம்பெனிக்குப் பேசிக் கேட்டார். தப்புதான்.

டிசைனர் முகம் வெளிறியது. "நான் முதல்ல சரியாத்தான் அடிச்சிருந்தேன். நீங்க சொன்னதால மாத்தினேன் அக்கா."

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"இதுக்கு முன்னாடி எதெதெல்லாம் இப்படிக் குத்துமதிப்பா சொன்னே?"

"தெரியலைங்க" என்றாள். சொன்ன மறுகணம் பூட்டிய மேசையிடம் ஓடினாள். "என் போனைக் குடுங்க ஐயா, உடனே குடுங்க. வீட்டுல பொண்ணுக்கு இருமல். அவ அப்பா குடுக்கப்போற மருந்து, நாம முன்னாடி அடிச்ச லேபிள்."