மே மாதப் படத்தில் ஒரு பருத்திக்காடு

1. சிவப்பு

அரியலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் ஊர்க்காரர்கள் எங்கள் ஜீப்பை மறித்தபோது என் கையில் இருந்தது ஒரு படம்தான். பெரம்பலூரில் நான் வேலை பார்த்த மேப்பிங் ஆபீசில், இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் படத்தை இறக்கி நிலப் பயன்பாட்டு மேப் போட்டுக்கொண்டிருந்தோம். எஃப்.சி.சி. என்போம், பொய்வண்ணப் படம். பச்சைப் பயிர் அதில் சிவப்பாக விழும்.

அந்தப் பக்கம் சிவப்பு என்றாலே பயம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு நிலம் எடுக்க வருகிறவர்களும், எடுக்கப்போகும் இடத்தைச் சிவப்படித்த மேப்போடுதான் வருவார்கள்.

"முந்திரித்தோப்பு பூரா செவப்படிச்சு வச்சிருக்கீங்க. யாருக்கும்மா குடுக்கப் போறீங்க?" என்றார் ஒருவர்.

"சுரங்கத்துக்கு இல்லீங்க. செவப்பா இருந்தா பயிரு நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"பச்சை செவப்பாத் தெரியுதுன்னா ஒங்க கம்ப்யூட்டரக் கண்ணாஸ்பத்திரியில காட்டுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். லட்சுமி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கணவர் இல்லாதவர், ஒன்றரை ஏக்கர் கரிசலில் மானாவாரிப் பருத்தி போடுகிறவர்.

"எங்காடு ஏன் பாப்பா சாம்பலாக் கெடக்கு?"

படம் மே மாதம் எடுத்தது. கோடையில் மானாவாரிக் காடு வெறுமையாகத்தான் கிடக்கும். எங்கள் மேப்பில் சாம்பல் என்றால் தரிசு.

"தரிசுன்னு எழுதிட்டா சுலுவா எடுத்துக்குவாங்கல்ல? படிச்ச புள்ள, சொல்லு."

எடுப்பார்கள் என்று எனக்கும் தெரியும். படத்தில் அவர் காட்டைப் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டேன்.

2. மேகம்

"மே மாசப் படத்துலதாம்மா மேகம் இல்ல. தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்காத" என்றார் ஆபீசில் புராஜெக்ட் சார், வேறு மாதப் படம் போடலாமா என்று நான் கேட்டதற்கு.

நான் டிசம்பர் படம் ஒன்றைத் தேடினேன். கனெக்‌ஷன் அறுந்து அறுந்து, ஒருவழியாக இறங்கியது. மேகம் விலகிய இடமெல்லாம் சிவப்பு. அக்காவின் ஊர் இருந்த இடத்தில் மேகம்.

"தெரியிற எடத்த மாத்திக்க. மேகத்துக்கு அடியில என்ன இருக்குன்னு யாரு கண்டா?"

"நான் போய்ப் பாத்துட்டு வரேன் சார்."

"ஜீப் கெடையாது."

"பஸ் இருக்குல்ல சார்."

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர் யாருமில்லை. அம்மா கூலிக்குக் களையெடுத்ததும் மானாவாரிக் காடுகளில்தான். மே மாதம் அங்கே அவளுக்கு வேலை இருந்ததில்லை. அது தெரிந்த ஒருத்தி அந்த ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள் என்பதில் எனக்குக் கர்வம் உண்டு.

மார்கழியில் போனேன். கரிசல் மண் செருப்பைப் பிடித்து இழுத்தது. பருத்தி இடுப்பளவு நின்றது, ஊடே உளுந்து.

"வானத்துல ஏறிப் பாத்தும் தெரியலன்னு பஸ் ஏறி வந்துட்டியா?" என்றார் அக்கா. "நல்லாப் பாத்துக்க. பாத்தத எழுது."

போட்டோவும் ஜி.பி.எஸ். ரீடிங்கும் எடுத்துவந்து வைத்தேன். சார் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சரி, மானாவாரின்னு மாத்திக்க. இந்த ஊருக்கு மட்டும்."

"மத்த ஊரு சார்?"

"நாளைக்குப் பிரின்ட் போவணும்மா."

நானும் அந்த ஒரு ஊரை மட்டும் மாற்றிப் பிரின்டுக்கு அனுப்பினேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான். படத்தைத் திறந்ததும் நிறத்தைப் பார்க்காதீர்கள், மாதத்தைப் பாருங்கள். அச்சான மேப்பில் அக்காவின் ஊர் மானாவாரி. அதே மேகத்துக்கு அடியில் இருந்த மற்ற ஊர்களெல்லாம் தரிசு. அவற்றுக்கும் பஸ் போகிறது.