பொறுத்து வரச் சொன்னவன்

வள்ளிநாயகம் இறந்த செய்தியைத் திசையன்விளை அண்ணாச்சிதான் தொலைபேசியில் சொன்னார். முருங்கைக்காய் ஏற்றுமதி செய்பவர், எங்கள் வாடிக்கையாளர். "நம்ம வள்ளி போயிட்டான்வே" என்று விம்மினார். பிறகு, "ஆமா, உம்ம பேரு என்னது?" என்றார். ஜங்ஷன் பக்கம் ஒரே அறையில் அமர்ந்து, வள்ளியும் நானும் இத்தனை வருடம் அவருடைய மின்னஞ்சல்களுக்குக் காவல் இருந்தோம். எனக்கு அழுகைக்கு முன்னால் பொறாமைதான் வந்தது. அவனை அறிந்த உங்களிடம் இதை மறைப்பானேன்?

குப்பை அஞ்சல்களைத் தடுக்க எங்கள் சர்வரில் அவன் வைத்த ஏற்பாடு கிரேலிஸ்டிங். புது இடத்திலிருந்து வரும் அஞ்சலை முதல் முறை வாங்காமல், 'சற்றுப் பொறுத்து வா' என்று திருப்பிவிடும். ஒழுங்கான சர்வர் மறுபடி அனுப்பும். குப்பை அனுப்புகிறவன் பெரும்பாலும் அடுத்த வாசலுக்குப் போய்விடுவான்.

ஒருமுறை இதனால் வெளிநாட்டு ஆர்டர் தாமதமாகி, அண்ணாச்சி நேரிலேயே வந்து சத்தம் போட்டார். யாரையும் நிறுத்தாமல் விட்டுவிடுவதாக நான் உடனே ஒப்புக்கொண்டேன். வள்ளி மறுத்தான். "தெரிஞ்சவங்க பேரைச் சொல்லுங்க, ஒயிட்லிஸ்ட்ல போடுதேன், நிக்காம வரட்டும். தெரியாதவன் நின்னுதான் வரணும். காரியக்காரன்னா மறுபடி வருவான் அண்ணாச்சி."

அண்ணாச்சி முறைத்தார், பிறகு சிரித்தார். சரி என்ற என்னை விட்டுவிட்டு, மாட்டேன் என்றவன் தோளில் கை போட்டார். மகள் கல்யாணப் பத்திரிகை அவன் பெயருக்கு வந்தது. என்னிடம் "நீரும் வாரும்" என்றார். அந்தச் சாப்பாடு எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

"ஏம்லே எல்லாரும் உன்னையவே தேடுதாங்க?" என்று ஒருநாள் அவனிடமே கேட்டுவிட்டேன்.

"யாரு என்ன கேட்டாலும் நீ 'சரி'ன்னு சொல்லிருதே. திறந்து போட்ட கதவை யாருலே தட்டுவா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அதனாலேயே இன்னும் எரிந்தது.

இப்போது அவனுக்கான இரங்கல் அஞ்சல்கள் வருகின்றன. பல புது விலாசங்கள். அவன் விதி அவற்றையும் முதலில் திருப்புகிறது. மறுபடி மறுபடி வந்து சேர்கின்றன. திரும்ப அனுப்புவது சர்வர்தான், மனிதர் அல்லர் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் வயிறு எரிகிறது.

இன்று அண்ணாச்சி மீண்டும் அழைத்தார். "என் மவன் அனுப்புன இரங்கல் இன்னும் வரலியாமே. அதையாவது நிறுத்தாம விடும்வே."

சரி என்ற சொல் வாய்வரை வந்தது. "பொறுங்க அண்ணாச்சி. மறுபடி வரும்" என்றேன்.

"வள்ளி மாதிரியே சொல்லுதீரே! உம்ம பேரு என்னன்னு சொன்னீரு?"

சொன்னேன். அதையும் நீதான் கேட்க வைத்தாய், வள்ளி. உன் 'பொறுங்க'வை நான் வைத்துக்கொள்கிறேன். பொறாமை ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது.